இரண்டு நாளில் தீரும் பரீக்ஷை

புதிய ரஸாயனப் பொருளொன்று ஆலையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும் வந்து சேருகிறது. அது நமது உயிரணுக்களுக்குள் புகுந்து, பெற்றோர் வழி வந்த பரம்பரைக் கூறுகளையே சிதைத்துவிடுமா என்பதை யார்மீது சோதித்தறிவது? வாங்குகிறவர்கள் மீதும் அவர்களுடைய குழந்தைகள் மீதும் என்பதே நெடுங்காலம் நடைமுறையாக இருந்து வந்தது. வேறு வழியறியாத நாளில் இதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். 1970-களுக்குப் பிறகு அந்தச் சமாதானம் செல்லாது என்பதே நமது அபிப்பிராயம்.

இவ்வபாயம் திடீரென்று தோன்றியதன்று. ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1933-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஷார்லட் அவர்பாக் என்னும் யூத மாதரசி, எடின்பரோவில் ராப்ஸன் என்பாருடன் சேர்ந்து, கடுகுவாயு பழ ஈக்களின் பரம்பரைக் கூறுகளை மாற்றிவிடுவதைக் கண்டறிந்தார். அது யுத்த ஆயுதமாதலால், உண்மை 1946 வரையில் உலகத்துக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டிருந்தது.

ஈக்களை வளர்த்துச் சந்ததிகளை எண்ணுவது நீண்ட வேலை. எலிகளுக்கு இரண்டு வருஷம் மருந்தூட்டிக் கட்டி வளர்கிறதா என்று காத்திருப்பதோ பெருஞ்செலவு. கலிபோர்னியா ஸர்வகலாசாலையின் பெர்க்லி கிளையிலிருந்த புரூஸ் ஏம்ஸ் இவ்விரண்டையும் சுருக்க ஓர் உபாயம் கண்டார். ஹிஸ்டிடின் என்னும் பொருள் இல்லாமல் ஸால்மொனெல்லா என்ற நுண்ணுயிர் பெருக முடியாது. சாதாரணமாக அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். அத்திறனை இழந்த, பழுதுபட்ட இனத்தை ஏம்ஸ் எடுத்துக்கொண்டார். ஹிஸ்டிடின் மிகக் குறைந்த தட்டில் அவை வளராமல் கிடக்கும். அங்கே சோதிக்க வேண்டிய ரஸாயனத்தை இடுவார். அது பரம்பரைக் கூறுகளைத் தாக்குமாயின், கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுள் சிலவற்றில் பழைய பழுது தற்செயலாகச் சீராகி, அவை மட்டும் பெருகிப் புள்ளி புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். புள்ளிகளை எண்ண வேண்டியதே பாக்கி. இரண்டு நாளில் வேலை முடியும்!

சில பொருள்கள் உடலில் நுழையும்போது சாதுவாக இருந்து, ஈரலில் மாறுதலடைந்த பின்னரே விஷமாகின்றன. ஆகவே எலியின் ஈரல் சாற்றையும் தட்டில் சேர்க்கும் முறையை அவரும் சகாக்களும் 1973-ல் வெளியிட்டனர். 1975-ல் கடைகளில் விற்ற 169 தலைமயிர்ச் சாயங்களைச் சோதித்ததில் 150 சாயங்கள் குற்றவாளிகளாக வெளிப்பட்டன.

எனினும் நம்மை அதிகமாக உறுத்துவது குழந்தைகளின் இரவுச் சட்டை விவகாரமே. குழந்தைகளின் சட்டையில் தீப்பற்றக்கூடாது என்று அமெரிக்க சர்க்கார் விதி செய்தது, நல்ல விதிதான். அதை நிறைவேற்ற ஆலைக்காரர்கள் 'டிரிஸ்' என்ற புரோமின் கலந்த ரஸாயனத்தைத் துணியில் ஏற்றினர். ஆர்லீன் பிளம் என்ற மாதும் ஏம்ஸும் 1977 ஜனவரியில், அது பரம்பரைக் கூறுகளைக் கெடுப்பதென்றும், உபயோகிக்கலாகாதென்றும் எழுதினர். அவ்வாண்டு ஏப்ரலில் தடை பிறந்தது. மறு வருஷம், அச்சட்டைகளை அணிந்த குழந்தைகளின் சிறுநீரிலேயே டிரிஸ் சிதைந்த பொருள் காணப்பட்டது. எலிகளிடமும் அது புற்றுநோய் விளைவிப்பது உறுதியாயிற்று.

தேங்கிய சரக்கு என்னவாயிற்று? சில வியாபாரிகள் அதைப் பிற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தனர். 1978-ல்தான் அவ்வழி அடைபட்டது. தன் வீட்டுக் குழந்தைக்கு ஆகாத துணி அயல்நாட்டுக் குழந்தைக்கு எப்படி ஆகும்? 1981 ஜனவரியில் ஜனாதிபதி கார்ட்டர், அபாயச் சரக்கின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி உத்தரவிட்டார். அடுத்து வந்த ரீகன் ஒரே மாதத்தில் அதை ரத்து செய்தார். வியாபார லாபத்துக்கு இருக்கும் கைநீளம் சாமான்யமானதன்று.

இப்பரீக்ஷை ஒன்றே தீர்ப்பாகிவிடுமோ என்பார்க்கு, ஆகாது என்றே நாமும் கூறுவோம். ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் தருவது திண்ணம். ஆனால் இத்தட்டில் அது அகப்படாது. எலிகளுக்கு மிகுதியாக ஊட்டிக் கிடைத்த முடிவுகளைக் கொண்டு மனிதரைப் பயமுறுத்தலாகாதென்று பிற்காலத்தில் ஏம்ஸே வாதித்தார். செடிகள் தாமே உண்டாக்கும் விஷங்களையும் அவர் எடுத்துக் காட்டினார். 2024-ல் அவர் காலமானார். அவர் வாதத்தில் நியாயமுண்டு. ஆனால் அது பரீக்ஷை செய்வதைக் கைவிடக் காரணமன்று. மேலும் பரீக்ஷிக்கவே காரணம். அமெரிக்காவில் 1976-ல் வந்த சட்டமோ, ஏற்கனவே வழக்கிலிருந்த சுமார் 62,000 ரஸாயனங்களைச் சோதிக்காமலே தொடர விட்டுவிட்டது. 2016-ல்தான் அச்சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டது.

தடைபட்ட டிரிஸுக்குப் பதிலாக வந்தது, குளோரின் கலந்த அதன் சகோதரம். அதுவும் பரம்பரைக் கூறுகளைக் கெடுப்பதென்று 1978-ல் ஏம்ஸ் குழுவினர் காட்டவே, இரவுச் சட்டைகளிலிருந்து அது வெளியேறிற்று. 2011-ல் குழந்தைகளுக்கான மெத்தை, நாற்காலி முதலிய 101 சாமான்களின் பஞ்சுறையை ஆராய்ந்தபோது, தீத்தடுப்பு ரஸாயனங்களுள் மிக அதிகமாகத் தென்பட்டது அதே பொருள்தான். ஆராய்ந்தவர்களில் ஆர்லீன் பிளம்மும் ஒருவர்.