தாமஸ் கூன் கண்ட அறிவியல் புரட்சி

அறிவியல் என்பது உண்மைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வளரும் குவியல் என்ற எண்ணத்தை அசைத்த நூல்களுள் தலையாயது, அமெரிக்கரான தாமஸ் கூன் 1962இல் வெளியிட்ட 'அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு' ஆகும். இயற்பியல் பயின்ற அவர், ஹார்வர்டில் பிற துறை மாணவர்களுக்கு அறிவியல் வரலாற்றைக் கற்பிக்கும் பொருட்டு 1947இல் அரிஸ்டாட்டிலைப் படித்தபோது, நியூட்டனின் கண்கொண்டு நோக்கினால் பிழை மலிந்ததாகத் தோன்றும் அவ்வியற்பியல், இடப்பெயர்ச்சியையும் ஒருவகை மாற்றமாகவே கருதிய அக்காலச் சிந்தனைக்குள் நின்று பார்த்தால் ஒழுங்குடையதாக விளங்குவதைக் கண்டார்.

ஓர் ஆய்வுச் சமூகம் எவ்வினாக்களைக் கேட்கலாம், எத்தகைய விடையை ஏற்கலாம் என்று வரையறுக்கும் முன்மாதிரிச் சாதனைகளையும் பொதுக் கருத்துகளையும் கூன் 'பாரடைம்', அதாவது கருத்துச்சட்டகம், என்றார். அச்சட்டகத்துக்குள் புதிர்களை விடுவிப்பதே 'இயல்பு அறிவியல்'; விடுபடாத முரண்கள் பெருகி நெருக்கடி முற்றும்போது, தாலமியின் புவிமைய வானியலுக்குப் பதிலாகக் கோப்பர்நிக்கசின் சூரியமைய வானியல் வந்தது போல, சட்டகமே மாறுகிறது. பொய்ப்பிக்கத்தக்கதே அறிவியல் என்ற கார்ல் பாப்பர், இயல்பு அறிவியலின் கேள்வி கேளாப் போக்கை ஆபத்தெனக் கருதினார். உண்மையைச் சார்புடையதாக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டுக்கு 1970ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னுரையில் கூன் விடையளித்தார். துல்லியத்தாலும் புதிர் விடுவிக்கும் ஆற்றலாலும் பிந்தைய கோட்பாடு முந்தையதை விஞ்சுகிறது என்ற அவ்விளக்கத்தைப் படிக்காமல் அவரைச் சார்புவாதி என முத்திரையிடுவது நியாயமன்று.