சிற்றுரு வண்டி செய்யும் கலை

முன்புறம் ஓட்டுநர் அமர்வதற்கு ஒரு சிறிய அறை. பின்புறம் பொருள்களை ஏற்றுவதற்கு மேல்மூடி இல்லாத ஒரு பெட்டி. இவ்வமைப்புடைய சிறு பாரவண்டியைப் 'பிக்கப்' என்று வழங்குவர். அமெரிக்க நாட்டு உழவர்களுக்கு இவ்வண்டி உற்ற துணையாக விளங்கிற்று. தொடக்கத்தில் அவர்களுட் பலர் தம் காரின் பின்பகுதியைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் மரப்பெட்டியைப் பொருத்திக் கொண்டனர். 1925 ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் தன் 'மாடல் டி' வண்டியின் பின்புறத்தில் பெட்டி அமைத்துத் தொழிற்சாலையிலேயே செய்து விற்கத் தொடங்கிற்று. ஆகவே, இருவேறு பொருள்களின் உறுப்புகளை ஒன்று சேர்த்ததனால் பிறந்ததே இவ்வண்டி எனலாம். பழைய பிக்கப் வண்டிகளைச் சிற்றுருவாகச் செய்து மகிழ்வோரும் அதே வழியைப் பின்பற்றுகின்றனர். அஃது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

அமெரிக்காவில் ஏ.எம்.டி., ரெவெல் முதலிய நிறுவனங்கள் வண்டிகளின் சிற்றுருக்களைப் பகுதி பகுதியாகப் பிளாஸ்டிக்கில் வார்த்துப் பெட்டிகளில் அடைத்து விற்று வந்துள்ளன. வாங்குவோர் அவ்வுறுப்புகளை ஒட்டி, வண்ணம் தீட்டி, வண்டியை முழுமையாக்குதல் வேண்டும். ஆயின், ஒருவர் விரும்பும் வண்டி ஒரே பெட்டியில் குறையின்றிக் கிடைத்துவிடுவதில்லை. பழைய பெட்டிகள் சிலவற்றில் வண்டியின் வெளித்தோற்றம் அழகாக இருக்கும். உள்ளுறுப்புகளோ செம்மையாக இரா. முன்சக்கரங்களை இணைக்கும் கம்பி இயந்திரத்தையே துளைத்துக்கொண்டு செல்வதும் உண்டு. அத்தகைய பெட்டியிலிருந்து உடற்பகுதியையும், மற்றொரு பெட்டியிலிருந்து இயந்திரத்தையும் எடுத்து ஒரு வண்டியாக இணைப்பர். இவ்வேலையில் இறங்குவோர் மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும்.

அளவு ஒத்திருக்கிறதா என்பது முதல் வினா. இச்சிற்றுருக்களுள் சில, உண்மை வண்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவின. வேறு சில, இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவின. இவ்வேறுபாடு மிகச் சிறியது என்று நமக்குத் தோன்றலாம். 1953 ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-100 வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தொலைவு 110 அங்குலம். அதாவது 2,794 மில்லிமீட்டர். இஃது ஒரு வகையில் ஏறக்குறைய 112 மில்லிமீட்டராகவும், மற்றொரு வகையில் 116 மில்லிமீட்டராகவும் அமையும். எனவே, ஒரு வகையின் அடிச்சட்டத்தை மற்றதன் உடற்பகுதிக்குக் கீழே வைத்தால், சக்கரம் தன் வளைவின் நடுவில் நில்லாது விலகி நிற்கும். ஆனால், 16 அங்குல விட்டமுள்ள சக்கர வளையத்தில் அவ்வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவேயாகும். நீண்ட உறுப்பில் பிழை பெருகும். குறுகிய உறுப்பில் அது கண்ணுக்குப் புலப்படாது. இதனை அறிந்தவர், இரவல் பெறத்தக்க உறுப்பு எது, தகாதது எது என்பதை அளவுகோல் கொண்டு எளிதில் தெளிவர்.

உண்மையோடு பொருந்துமா என்பது இரண்டாம் வினா. ஃபோர்டு நிறுவனத்தார் 1932 ஆம் ஆண்டு முதல் 'வி-8' என்னும் இயந்திரத்தைச் செய்து வந்தனர். அதன் வால்வுகள் உருளைகளின் பக்கத்தில் அமைந்திருந்தன. 1953 ஆம் ஆண்டின் பிக்கப்பிலும் அவ்வகை இயந்திரம் இருந்தது. அடுத்த ஆண்டிலோ, வால்வுகள் உருளைக்கு மேலே அமைந்த புதிய இயந்திரம் அதன் இடத்தைப் பெற்றது. ஆகையால், 1949 ஆம் ஆண்டுக் காரின் பெட்டியில் உள்ள இயந்திரம் 1953 ஆம் ஆண்டுப் பிக்கப்புக்குத் தகும். 1954 ஆம் ஆண்டு வண்டிக்குத் தகாது. அக்காரின் அடிச்சட்டமோ இரண்டிற்கும் ஏலாது. அதன் முன்சக்கரங்கள் தனித்தனியே சுருள்வில்லின் மேல் இயங்குவன. பிக்கப்பிலோ, பட்டைவில்லின் மேல் அமைந்த ஒரே அச்சு முன்சக்கரங்கள் இரண்டையும் தாங்கும். ஓர் உறுப்பு இடத்தில் அடங்கிவிட்டது என்பதனால் மட்டும் அஃது அங்கே இருக்கத் தக்கது ஆகிவிடாது.

கைக்கு இசையுமா என்பது மூன்றாம் வினா. பிளாஸ்டிக்கை ஒட்டும் பசை, தாளை ஒட்டும் பசை போன்றதன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றாக உருகிச் சேரச் செய்கிறது. காய்ந்தபின் பிரித்தல் அரிது. வண்ணமோ வெள்ளி போன்ற பூச்சோ இருக்கும் இடத்தில் அது நன்கு பற்றாது. ஆதலின் அவற்றை முதலில் சுரண்டி நீக்குதல் வேண்டும். பசையைத் தொடுமுன், உறுப்புகளை வெறுமனே வைத்துப் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் மேல் மூடி படிகிறதா? விசிறி முன்தகட்டில் இடிக்கிறதா? இவற்றைப் பலமுறை நோக்கிய பின்னரே இரம்பத்தை எடுத்தல் நலம். அறுத்த இடத்தை அரத்தால் அராவி, இடைவெளியை மக்கினால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குவர். பழைய பெட்டிகளுட் பல இன்று வார்க்கப்படுவதில்லை. தவறாக அறுத்த துண்டுக்கு மாற்றுத் துண்டு கிடைப்பதும் அரிது. 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழியின் பொருளை இத்தொழிலில் நன்கு உணரலாம்.

1908 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வியத்தகு சோதனை நடைபெற்றது. புரூக்லண்ட்ஸ் என்னும் பந்தயத் தடத்தில் மூன்று காடிலாக் கார்களைப் பகுதி பகுதியாகக் கழற்றி, அவ்வுறுப்புகளை ஒன்றாகக் கலந்தனர். பின்னர் அக்குவியலிலிருந்து மூன்று கார்களை மீண்டும் பூட்டினர். அவை ஒவ்வொன்றும் 500 மைல் தொலைவு ஓடி வெற்றி கண்டன. ஒவ்வோர் உறுப்பும் ஒரே அளவுக்கு இம்மியும் பிசகாமல் செய்யப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். வெவ்வேறு நிறுவனத்தார் வார்த்த சிற்றுரு உறுப்புகளிடையே அத்தகைய ஒற்றுமை இல்லை. அங்கே எந்திரத்தின் நுட்பம் செய்து முடித்ததை, இங்கே செய்பவனுடைய கண்ணும் கையும் பொறுமையும் செய்து முடித்தல் வேண்டும்.

இவ்வாறு முடிந்த வண்டி கையில் ஏந்தத்தக்க அளவினதே. அதன் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும், யாரும் காணாத இடத்திலும் பொய்யுறுப்பு ஒன்றும் வையாமல் செய்து முடித்தவன், அளந்து அறியும் அறிவையும், செய்வன திருந்தச் செய்யும் பண்பையும் தனக்கு உரியனவாகப் பெற்றுவிடுகிறான்.