கண்ணுக்குத் தெரியாத நஞ்சு



2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட ஏழைகளின் உயிரைக் குடித்தது. நாடே பதறியது. குடித்தவர் ஓரிரு நாளில் மாண்டதால் நஞ்சு எதுவென்று எல்லோருக்கும் தெரிந்தது. இருபது ஆண்டு கழித்துக் கொல்லும் நஞ்சுக்காகப் பதறுவோர் யார்?

கல்வராயன் மலையேறிப் பாருங்கள். வெள்ளிமலையைச் சுற்றிய சிற்றூர்களில், தாழ்ந்த கூரையின்கீழ் விறகடுப்பை ஊதுகிறாள் நம் சகோதரி. பக்கத்தில் குழந்தை. அந்தப் புகையிலே தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கேயான நுண்துகள் மிதக்கிறது. மூக்கு அதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடிவரை இறங்கி இரத்தத்திலும் கலக்கிறது. இளைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் எல்லாம் அது தரும் பரிசுகள்! நோய் வந்தபின் 'தலைவிதி' என்கிறோம். விதியல்ல தோழர்களே, புகை!

2019ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மாசுக்காற்றுக்குப் பலியானோர் 16 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று லான்செட் குழும மருத்துவ ஏட்டில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் சுமார் 6 லட்சம் பேரைக் கொன்றது வீட்டு அடுப்பின் புகை.

அடுப்போடு முடிந்ததா? தெருக்கோடியில் எரியும் குப்பையிலே பாலிதீன் பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பை மட்டும் ஒழியவில்லை. எரித்தால் நச்சுப்புகை. கிடந்தால் வெயிலில் நொறுங்கித் தூளாகிக் காற்றில் ஏறுகிறது. உயிரோடிருக்கும் மனிதரின் நுரையீரலிலேயே பிளாஸ்டிக் துணுக்குகளை 2022இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். அதனால் விளையும் கேடு முழுதும் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. முடிவு வரும்வரை நம் நுரையீரல் குப்பைத்தொட்டியாக இருக்க வேண்டுமா?

ஒரு கனமீட்டர் காற்றில், ஆண்டுச் சராசரியாக, நுண்துகள் 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இந்திய அரசு 2009இல் வகுத்த வரம்போ 40! எட்டு மடங்கு! 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு இடம் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி நான்குக்கே. கள்ளக்குறிச்சித் தொழிலாளி விடுவது மூச்சில்லையா?

மலைக்குடிசைக்குக் கட்டுப்படியாகும் விலையில் எரிவாயு வேண்டும். ஊர்க்காற்றை அளந்து ஊரார்க்கு அறிவிக்க வேண்டும். ஆலைப் புகைபோக்கிக்கு வடிகட்டி, தூசியில் உழைப்பவனுக்கு முகக்கவசம் வேண்டும். இவை சலுகையல்ல, உரிமை.

உரிமை கேட்கும் நாம் கடமையும் செய்வோம். கழகத் தோழர் நிற்கும் தெருவில் பிளாஸ்டிக் எரியாது என்ற நிலையை இன்றே உண்டாக்குவோம்!