அதே மூன்று பேர், வேறு கணக்கு

ஒருவர் பேச்சைக் கேட்டு இன்னொருவர் மனம் மாறுவதைச் சமன்பாடாக எழுதலாம் என்று 1956-இல் ஜான் ஃபிரெஞ்ச் காட்டினார். அதே தடத்தில் மோரிஸ் டிகிராட் 1974-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அரிச்சுவடி. ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டிய ஒரு குழுவை மனத்தில் வைத்து அவர் எழுதினார்.

ஒரு திட்டத்துக்கு 100-க்கு எவ்வளவு போடலாம் என்று மூன்று பேரைக் கேட்கிறோம். 10, 40, 70 என்கிறார்கள். நடுவில் இருப்பவர் மூவரின் சராசரியை எடுத்துக்கொள்கிறார். ஓரத்து இருவரும் தம் எண்ணையும் அவர் எண்ணையும் பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். அடுத்த சுற்றில் 25, 40, 55. பிறகு 32.5, 40, 47.5. போகப்போக மூவரும் 40-ஐ நெருங்கிவிடுவார்கள். தொடர்பு அறுபடாமல், தம் கருத்துக்கும் கொஞ்சம் இடம் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தால், ஆயிரம் பேர் ஆனாலும் முடிவு ஒன்றுதான்.

உளவியலாளர் ராபர்ட் ஏபெல்சனை இத்தகைய முடிவு 1964-லேயே உறுத்தியிருந்தது. ஊர்கள் இரண்டுபட்டு நிற்கின்றனவே, கணக்கில் அந்தப் பிளவு வர எதைத்தான் அனுமானிப்பது என்று கேட்டார். இந்தத் துறையில் இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பேன்.

இன்று பிளவை வரவழைப்பது எளிது. 2002-இல் ஹெக்செல்மானும் கிரௌசேயும் ஆராய்ந்த மாதிரியில், தம் கருத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே ஒவ்வொருவரும் காது கொடுத்து, தம்மையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். அதே 10, 40, 70. 30 வரை வித்தியாசத்தைப் பொறுத்துக்கொண்டால், இரண்டே சுற்றில் மூவரும் 40. பொறுமை 25 என்றால் யாரும் யாரையும் கேட்பதில்லை, மூன்று எண்களும் அப்படியே உறைந்துவிடும். ஃப்ரீட்கினும் ஜான்சனும் 1990-இல் இன்னொன்றைச் சேர்த்திருந்தார்கள்: முதலில் நினைத்ததை மனிதர் முழுதாக விடுவதில்லை.

இந்தக் கணக்குகளை உண்மை மனிதர்களோடு ஒப்பிட அன்று தரவு அரிது. ஒரு கராத்தே சங்கம் உடைந்த கதையை அதன் உறுப்பினர்கள் 34 பேரின் தொடர்புகளோடு வேய்ன் சாக்கரி 1977-இல் பதிவுசெய்தார். அதையே இன்னமும் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். 2020 அமெரிக்கத் தேர்தலின்போதோ, சுமார் 23,000 ஃபேஸ்புக் பயனர்களுக்கு ஒத்த கருத்துள்ளவர்களின் பதிவுகளை ஆய்வாளர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்தும் அவர்களுடைய அரசியல் மனப்பான்மையில் அளக்கத்தக்க மாற்றம் இல்லை.

யார் பேச்சு யாருக்குக் கேட்கிறது என்பதை மட்டும் மாற்றினால் போதாது என்றே இதைப் படிக்கிறேன். அந்த 25-ஐ 30 ஆக்குவது எது என்பதைத்தான் இனி ஆட்களிடம் போய் அளக்க வேண்டும்.