வழங்கியருளிய கடைத்தெரு

1216இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். மண்டபங்களை இடித்துக் கழுதை பூட்டி உழுதான் என்று மெய்க்கீர்த்தி பெருமைப்படுகிறது. திரும்பும் வழியில் அவன் தங்கிய ஊர் பொன்னமராவதி. தோற்ற சோழனை அங்கே வரவழைத்து, பறித்த நாட்டைத் திருப்பிக் கொடுத்தான். 'சோணாடு வழங்கியருளிய' என்ற அடைமொழி அப்படி வந்தது. பறித்தவனும் அவன்தான் என்பதை அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது.

நகர மையங்களைப் 'புதுப்பிப்பது' குறித்த இன்றைய சொல்லாடலுக்குள் இதே வழங்கியருளல்தான் இயங்குகிறது. பழைய சந்தையை இடிப்பது, கட்டடம் எழுப்புவது, பிறகு அங்கே முன்பு இருந்தவனுக்கே 'முன்னுரிமை' தருவது. தான் உட்கார்ந்திருந்த இடத்தை அவன் கைகட்டி நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னை பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகளை 2013இல் மாடிக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். நடைபாதையை அகலமாக்கி வளாகமாகத் திறந்தது 2019 நவம்பரில். நடப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

பாரிஸை 1853 முதல் இடித்துக் கட்டிய ஹாஸ்மான் பற்றி நம்மவர்கள் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அதற்கு நாற்பது வருஷம் முந்தி, 1812 வாக்கில், பிளாக்பர்ன் என்ற ஆங்கில அதிகாரியின் யோசனைப்படி பழைய ஊரைத் தரைமட்டமாக்கிப் புதுக்கோட்டை எழுப்பப்பட்டதாகச் சொல்கிறார்கள். பின்னால் திவான் சேஷய்யா சாஸ்திரி பொதுக் கட்டடங்களால் அதை அழகுபடுத்தினார். நேர் நேரான அந்த வீதிகளில் நடக்க எனக்கும் பிடிக்கும். ஊர் சுத்தமாக, காற்றோட்டமாக இருப்பதைக் கெசட்டியர் பாராட்டுகிறது. தரைமட்டமானவை யார் யாருடைய குடிசைகள் என்ற கேள்வி அதற்கு எழவில்லை.

பொன்னமராவதியில் இப்படி ராஜவீதிகள் கிடையாது. பஸ் வந்து நிற்கும் இடமே மையம். என் அப்பத்தா கீரையும் சுண்டைக்காயும் கூடையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கும். ஒருமுறை ஏதோ வேலை என்று இருபதடி தள்ளி உட்காரச் சொன்னார்கள். அன்றைக்குப் பாதிக் கீரை திரும்பி வந்தது. "அங்கிட்டும் எடம் இருக்குல்ல அப்பத்தா?" என்று கேட்டேன். "எடமாவது ஒண்ணாவது. நான் உக்காந்து நாலு பேரு வந்தாத்தாண்டா அது எடம்" என்றது. லெஃபெவ்ர் 1968இல் 'நகரத்தின் மீதான உரிமை' என்று எழுதியதை நான் இந்த வழியாகத்தான் புரிந்துகொண்டேன். இடம் வரைபடத்தில் முன்கூட்டி இருப்பதில்லை, புழங்குவதில் உண்டாகிறது.

கடைத்தெருவை நான் ரொம்பவே கொண்டாடுவதாகப் படலாம். 2019 ஏப்ரலில் ஒரு வாட்ஸ்அப் ஒலிப்பதிவைத் தொட்டுக் கலவரம் மூண்டு, இதே வட்டாரத்தில் 144 போட்டார்கள். எல்லோரும் கலக்கும் இடம் எல்லோரும் சமமாகக் கலக்கும் இடமல்ல. யார் நிழலில், யார் வெயிலில் என்பதையும் சாதி தீர்மானிக்கிறது. ஆனால் தெருவைத் துடைத்துவிட்டால் சாதி போய்விடாது, சந்திப்புதான் போகும்.

2014ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் அப்பத்தாவின் வாதத்தை ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறது. வாங்குவோரும் விற்போரும் வழிவழியாகக் கூடும் இடத்துக்கு 'இயற்கைச் சந்தை' என்று பெயர் கொடுத்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. சிக்கல் வேறிடத்தில். ஊரின் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரைதான் வியாபாரிகளுக்கு இடம். பத்தாயிரம் பேர் வசிக்கும் ஊரென்றால் 250 பேர். பெருநகரத்துக்கு அது சரிப்படலாம். சுற்றுப்பட்டிக் கிராமங்களால் பிழைக்கும் பொன்னமராவதி மாதிரி ஊருக்கு? வேந்தன்பட்டி, கொன்னையூர் என்று பஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டம் எந்தக் கணக்கில் வரும்? பேரூராட்சியில் அவர்களுக்கு ஓட்டும் கிடையாது. மையத்தை உண்டாக்குகிறவர்கள் அதன் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஆகவே நாளைக்கு இங்கே ஒரு மேம்பாட்டுத் திட்டம் வருமானால், படம் வரைவதற்கு முன்னால் இறங்குகிற தலைகளை எண்ணுங்கள் என்பேன். சந்தை நாளிலும் சாதா நாளிலும், முதல் பஸ்ஸுக்கு முன்பே வந்து நின்று எண்ண வேண்டும். பத்து மணிக்கு நோட்டோடு வந்தால் கீரைக்காரிகள் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்கள்.