சாய்வு மிதிவண்டியில் சங்கிலிக் கோட்டுச் சிக்கல்கள்

சாய்வு மிதிவண்டி என்பது, ஓட்டுபவர் முதுகைச் சாய்த்து அமர்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வகையில் அமைந்த மிதிவண்டி ஆகும். சாதாரண மிதிவண்டியில் பெடல்கள் இருக்கைக்குக் கீழே இருக்கும். இதில் அவை வண்டியின் முன்பகுதியில் இருக்கும். ஆனால் பெரும்பாலான சாய்வு மிதிவண்டிகளிலும் உந்துவிசை பின்சக்கரத்துக்கே செல்கிறது. எனவே சங்கிலி முன்முனையில் தொடங்கி, இருக்கையின் அடியில் நுழைந்து, பின்சக்கரம் வரை ஓட வேண்டியுள்ளது. சாதாரண வண்டிக்கு ஒரு சங்கிலி போதும். இதற்கு இரண்டு அல்லது மூன்று சங்கிலிகளை இணைக்க நேரிடும். இவ்வண்டியைக் கட்டுவோர் சந்திக்கும் சிக்கல்களில் பல இந்த நீண்ட பாதையில்தான் தோன்றுகின்றன.

பின்னணி

1933ஆம் ஆண்டு பாரிசில், சார்ல் மோசே வடிவமைத்த சாய்வு மிதிவண்டியை ஓட்டிய பிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. கடந்தார். 1914 முதல் நிலைத்திருந்த சாதனை இதனால் முறியடிக்கப்பட்டது. ஆனால் 1934இல் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் இவ்வகை வண்டிகளைத் தன் பந்தயங்களிலிருந்து விலக்கியது. இன்றும் இவை கடைகளில் அரிதாகவே கிடைக்கின்றன. ஆர்வலர் பலர் பழைய மிதிவண்டிகளின் பாகங்களைக் கொண்டு தாமே கட்டிக்கொள்கின்றனர்.

சங்கிலியின் இரு பகுதிகள்

மிதிக்கும்போது சங்கிலியின் மேற்பகுதி பின்சக்கரத்தை இழுக்கிறது. இதை இழுபகுதி எனலாம். கீழ்ப்பகுதி விசையின்றித் திரும்பி வருகிறது. இது திரும்புபகுதி. இருக்கை, முன்சக்கரம் ஆகியவற்றில் உரசாமல் சங்கிலியை வழிநடத்த, இழுபகுதியில் ஓர் இடை உருளையும், திரும்புபகுதியில் உருளையோ பிளாஸ்டிக் குழாயோ பொருத்தப்படுகின்றன.

இழுபகுதியில் உள்ள விசை பலரும் எண்ணுவதைவிடப் பெரியது. 170 மி.மீ. நீளமுள்ள கிராங்கின் பெடலில் 50 கிலோ எடைக்குச் சமமான விசை தரப்படுவதாகக் கொள்வோம். முன்னே உள்ள 42 பற்கள் கொண்ட சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 85 மி.மீ. எனவே சங்கிலியில் 50 × 170 ÷ 85 = 100 கிலோ அளவு இழுவிசை உண்டாகும். இச்சங்கிலி இடை உருளையில் 20 பாகை வளைந்தால், உருளையின் மீது 2 × 100 × சைன் 10° = சுமார் 35 கிலோ அழுத்தம் விழும். வளைவு கூடக்கூட இவ்வழுத்தமும் கூடும். ஆகவே இழுபகுதியை இயன்றவரை நேராக வைத்து, வளைவு அனைத்தையும் திரும்புபகுதிக்கு ஒதுக்குவது நல்லது.

அடிப்படை விதி

ஒரு பற்சக்கரத்தில் சங்கிலி ஒழுங்காக அமர்வது, அது உள்ளே நுழையும் கோணத்தைப் பெரிதும் பொறுத்தது. எனவே சங்கிலி எங்கே கழல்கிறதோ அந்த இடத்தைவிட, அதற்குச் சற்று முன் அது கடந்து வந்த இடத்தையே முதலில் ஆராய வேண்டும். இழுபகுதியில் சங்கிலி பின் பற்சக்கரம், இடை உருளை, முன் பற்சக்கரம் என்ற வரிசையில் செல்கிறது. திரும்புபகுதியில் முன் பற்சக்கரம், குழாய், கியர் மாற்றி, பின் பற்சக்கரம் என்ற வரிசையில் வருகிறது.

நூல் சோதனை

சங்கிலியைக் கழற்றிவிட்டு, பின் பற்சக்கரங்களில் நடுவில் உள்ளதன் மேற்பல்லிலிருந்து, இடை உருளையின் பள்ளம் வழியாக, முன் பற்சக்கரத்தின் மேற்பல் வரை ஒரு நூலை இறுக்கிக் கட்ட வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்கும்போது நூல் உருளையில் வளையலாம். நேர்மேலிருந்து பார்க்கும்போது வளையக் கூடாது. வளைந்தால், உருளையின் அச்சில் வாஷர்களைச் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்யலாம். முன் பற்சக்கரமே விலகியிருந்தால் பெடல் அச்சின் நீளத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

அறிகுறிகளும் தீர்வுகளும்

1. முன் பற்சக்கரத்தில் கழல்தல்: இடை உருளை ஒருபக்கம் விலகியிருக்கலாம். அல்லது பெடல் அச்சைத் தாங்கும் முன்குழாய் முறுக்கிக்கொண்டு, பற்சக்கரம் சாய்ந்து நிற்கலாம். பற்சக்கரத்தின் முகத்தில் நேரான கம்பியை வைத்து, அது வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. பின்னோக்கி மிதிக்கும்போது மட்டும் கழல்தல்: அப்போது சங்கிலி முன் பற்சக்கரத்தின் அடிப்பக்கமாக நுழைகிறது. எனவே திரும்புபகுதிக் குழாயின் முன்முனையைப் பற்சக்கரத்தின் தளத்துக்கு நேராக மாற்ற வேண்டும்.

3. வண்டியைத் தூக்கி நிறுத்திச் சுற்றும்போது சரியாக ஓடி, மேட்டில் ஏறும்போது கழல்தல்: இது அளவுப் பிழையன்று, உறுதிக் குறைவு. பின் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பெடலைக் கையால் அழுத்த, மற்றொருவர் மேலிருந்து பார்க்க வேண்டும். உருளையைத் தாங்கும் தகடோ முன்குழாயோ வளைவது கண்ணுக்குத் தெரியும். தடித்த தகடு அல்லது இருபக்கமும் தாங்கும் பிடிப்பு இதற்குத் தீர்வாகும்.

4. பின்னே கடைசி கியர்களில் மட்டும் உருளையில் ஏறிக் கழல்தல்: எட்டு கியர் தொகுதியில் நடுவிலிருந்து கடைசிப் பல்சக்கரம் சுமார் 17 மி.மீ. தள்ளியிருக்கும். சங்கிலி 1300 மி.மீ. தடையின்றி ஓடினால் இதனால் ஏற்படும் சாய்வு முக்கால் பாகைதான். ஆனால் உருளை பின் பற்சக்கரத்திலிருந்து 300 மி.மீ. தொலைவில் இருந்தால் சாய்வு மூன்று பாகையைத் தாண்டும். நீண்ட சங்கிலியால் கிடைக்கும் நன்மை இவ்வாறு வீணாகிறது. உருளையை முன்னே நகர்த்தலாம். அல்லது அச்சில் பக்கவாட்டில் சற்றே நகரும்படி பொருத்தலாம்.

5. கரகரவென்ற ஓசையும் அதிர்வும்: பற்கள் குறைந்த சிறிய உருளையை இழுபகுதியில் வைத்திருக்கலாம். 15 பற்களுக்குக் குறையாத, பேரிங் உள்ள உருளை ஏற்றது. குழாயில் ஓசை வந்தால் அதன் முனைகள் சங்கிலியில் உரசுகின்றன எனலாம். முனைகளை இளஞ்சூட்டில் விரித்து, குழாயை ஓரிடத்தில் மட்டும் கட்டி, மற்ற முனையை இயல்பாக அசைய விட வேண்டும்.

6. எல்லாம் நேராக இருந்தும் பற்களில் தாவுதல்: பழைய சங்கிலித் துண்டையும் புதியதையும் இணைத்திருக்கலாம். சங்கிலியின் 24 கண்ணிகள் 304.8 மி.மீ. இருக்க வேண்டும். 306 மி.மீ.க்கு மேல் இருந்தால் அத்துண்டு தேய்ந்தது.

சங்கிலியின் நீளம்

ஓட்டுபவரின் கால் நீளத்துக்கு ஏற்ப முன்குழாயை நகர்த்தினால் சங்கிலியின் நீளமும் மாறும். 5 செ.மீ. முன்னே நகர்த்தினால் மேலும் கீழுமாக 10 செ.மீ., அதாவது 8 கண்ணிகள் கூடுதலாகத் தேவை. இதைச் செய்யாமல் பெரிய பற்சக்கரங்களுக்கு மாற்றினால் கியர் மாற்றி முறிந்துபோகலாம்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

உருளையின் பிடிப்பை முதலிலேயே பற்றவைத்துவிடக் கூடாது. கவ்வியால் தற்காலிகமாகப் பிடித்து, நூல் சோதனை செய்து, ஓட்டுபவர் அமர்ந்து மிதித்துப் பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். முன்சக்கரத்தை இருபக்கமும் முழுவதும் திருப்பி, டயர் சங்கிலியில் உரசவில்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். வளைவில் திரும்பும்போது டயர் சங்கிலியில் சிக்கினால் ஓட்டுபவர் விழ நேரிடும். சங்கிலி காலுக்கு அருகில் ஓடுவதால், தளர்ந்த கால்சட்டை அணிவதையும், ஓடும் சங்கிலியைக் கையால் தொடுவதையும் தவிர்க்க வேண்டும்.