திருச்சிக்கு ஒரு மண் டிராக்

2022 ஜூலையில் திருச்சி கே.கே.நகர் ரைஃபிள் கிளப் வாசலில் இளைஞர் கூட்டம் அலைமோதியது. உள்ளே மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி. அதில் கலந்துகொள்ள நடிகர் அஜித் குமார் வந்திருக்கிறார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவியதும், கிடைத்த பைக்கில் ஏறி எல்லாத் திசையிலிருந்தும் வந்துவிட்டார்கள். அவர் மாடியில் நின்று கையசைத்தார். பதக்கங்களோடு ஊர் திரும்பினார். கூட்டமும் கலைந்தது.

அன்று வந்தவர்களில் எத்தனை பேர் போட்டியைப் பார்க்க வந்தவர்கள்? மறுவாரம் எத்தனை பேர் அந்த கிளப்புக்குத் திரும்பிப் போயிருப்பார்கள்? அந்தப் பையன்களைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. இந்தக் கேள்வி விளையாட்டை நடத்துபவர்களுக்கானது. மோட்டார் பந்தயம் இளைஞர்களை இழுக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் பெயரில் ஓடிய அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தபோது, கார் பந்தயத்தை அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத வீடுகளிலும் அந்தப் பேச்சுதான். ஆனால் அந்த ஆர்வத்தோடு மறுநாள் எழுந்த ஒரு திருச்சிப் பையன், ஒரு பந்தயத்தை நேரில் பார்க்க எங்கே போவான்?

சென்னைக்கு அருகே இருக்கிற இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். கோவை செட்டிபாளையம் தடத்துக்கு இருநூறுக்கு மேல். அவ்வளவு தூரம் போய்வரும் பஸ் காசும், ஒரு ராத் தங்கலும், அப்பாவின் அனுமதியும் ஒன்றாகக் கிடைக்கிற பையன்கள் மிகச் சிலர்.

தமிழ்நாட்டுக்கு மோட்டார் பந்தயம் நேற்று வந்ததல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி அவர்கள் நடத்திய பந்தயங்களுக்கு நாடெங்குமிருந்து வண்டிகள் வந்தன. குடும்பத்தோடு போய் வெயிலில் நின்று பார்த்த தலைமுறை ஒன்று இருந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்பு கூடியது. அது அவசியமான மாற்றம். ஆனால் திருவிழாக் கூட்டம் அங்கே கூடவே வரவில்லை. கோவையில் கரிவரதன் தன் பட்டறையில் சொந்தமாகப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு, அவர் பெயரிலேயே 2003-ல் கரி மோட்டார் ஸ்பீட்வே எழுந்தது. கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர். 2010-ல் சென்னையின் கருண் சந்தோக். ஓசூரில் டிவிஎஸ் ரேசிங் 1982 முதல் பைக்குகளோடு பந்தயத்தில் நிற்கிறது.

சென்னை, கோவை, ஓசூர். எழுபது ஆண்டுக் கதை இந்த மூன்று ஊர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. காவிரிப் படுகை அதில் எங்குமே இல்லை.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் சாலையில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. முந்தைய டிசம்பரில் நடக்கவேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போயிருந்தது. அரசு முன்னின்று நடத்திய அந்த இரவை நான் மனதார வரவேற்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் அண்ணா சாலைப் பக்கம் கார்கள் சீறியதைப் பார்த்த ஒரு சிறுமி அதை மறக்கமாட்டாள். ஆனாலும் அந்த வகைப் பந்தயத்தின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். வலைக்கு அந்தப் பக்கம் கார் ஒரு நொடி தெரியும். பிறகு அடுத்த சுற்று வரை காத்திருப்பு. யார் முன்னால், யார் பின்னால் என்பதைத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே ரசிகராக இருப்பவருக்கு அது விருந்து. புதிதாக வருகிற பன்னிரண்டு வயதுக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

வேகத்தின் மீது திருச்சி இளைஞர்களுக்கு ஆசை இல்லையா என்றால், 2023 தீபாவளியை நினைத்துப் பாருங்கள். சிறுகனூர் அருகே சென்னை நெடுஞ்சாலையில், பைக்கில் பட்டாசைக் கட்டிக் கொளுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கியபடி ஓட்டிய வீடியோ நாடெங்கும் பரவியது. போலீஸ் தேடிப் பிடித்து வழக்குப் போட்டது. சரியான நடவடிக்கை. அந்தச் சாலையில் எதிரே வருகிற குடும்பத்துக்கு அந்த வேடிக்கையில் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் வழக்கோடு விஷயம் முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஓடுகிற வண்டியில் ஒரு சக்கரத்தைத் தூக்கி நிறுத்துவதற்குக் கைப்பழக்கம் வேண்டும், மணிக்கணக்கான பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைப் பையன்கள் திருட்டுத்தனமாக, ஹெல்மெட் இல்லாமல், பொதுச் சாலையில் எடுத்துக்கொள்கிறார்கள். போன் கேமராவைத் தவிர அவர்களைப் பார்க்க ஆள் இல்லை. நல்லது கெட்டது சொல்லித்தர ஒரு பயிற்சியாளரும் இல்லை.

எங்கே கூட்டம் தானாக வருகிறது?

விளம்பரமே இல்லாமல் இளைஞர்கள் திரளும் வேகப் போட்டி ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சைப் பக்கத்து மாட்டுவண்டி எல்கைப் பந்தயம். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள். போய்வர எட்டு மைல், ஆறு மைல் என்று தூரம். சாலையின் இருபுறமும் ஊரே நிற்கும். முடிவு அறிவிக்கும்போது மைக்கில் முதலில் வருவது ஊர்ப் பெயர். அதன் பிறகுதான் மாட்டுக்காரர் பெயர், சாரதியின் பெயர். பத்து வயதுப் பையன்கூட எந்த ஊர் ஜோடி போன வருஷம் எந்த எல்கையில் பிந்தியது என்று சொல்வான். அவனுக்கு அது பாடமாகச் சொல்லித்தரப்பட்டதல்ல. அவன் ஊர் அதில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் தெரியும். வைகுண்ட ஏகாதசி உற்சவத்தின் இராப்பத்து எட்டாம் நாள் வேடுபறி. நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் மணல்வெளிக்கு எழுந்தருளி வையாளி காண்பார். ஸ்ரீபாதம்தாங்கிகள் வாகனத்தைத் தோளில் சுமந்து, குதிரை பாய்வதுபோல முன்னும் பின்னும் ஓடுவார்கள். அந்தப் பாய்ச்சலைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடிக்கும். அது வழிபாடு, பந்தயத்தோடு அதை ஒப்பிடக் கூடாது, ஒப்பிடவும் இல்லை. நான் கவனிப்பது ஒன்றைத்தான்: அந்த மணலில் நிற்கும் குழந்தைக்கு முழுக் காட்சியும் கண்ணெதிரே இருக்கிறது. தொடக்கமும் பாய்ச்சலும் திருப்பமும் நிற்பதும் ஒரே பார்வைக்குள் அடங்குகின்றன.

சொந்த ஊர் ஓடுவது, முழுக் காட்சியும் கண்ணெதிரே இருப்பது: மோட்டார் பந்தயங்களில் இந்த இரண்டு குணமும் சேர்ந்த வகை ஒன்று உண்டு. உலகம் அதை ஸ்பீட்வே என்கிறது. நம் நாட்டில் அது வேரூன்றவே இல்லை. கோவைத் தடத்தின் பெயரில் ஸ்பீட்வே இருந்தாலும், அது தார்ச்சாலை. நான் சொல்வது மண் ஆட்டம்.

பெரும்பாலும் முந்நூறு, நானூறு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் முட்டை வடிவத் தடம். 500 சிசி வண்டிகள். மெத்தனாலில் ஓடும், ஒரே கியர், பிரேக் என்பதே கிடையாது. நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமே திரும்ப வேண்டும். வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, இடது காலை மண்ணில் உரசிக்கொண்டு போவார்கள். இப்படி ஓர் ஓட்டத்துக்கு ஹீட் என்று பெயர்; ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலாவது வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. இரண்டு அணிகள் மோதினால் பதினைந்து ஹீட். சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று நான்கு ஹெல்மெட் நிறம். கையில் அட்டையும் பேனாவும் வைத்து ஒவ்வொரு ஹீட்டுக்கும் புள்ளி எழுதிக்கொண்டே பார்ப்பது ரசிகர்களின் நெடுநாள் வழக்கம். இடையில் டிராக்டர் வந்து மண்ணைச் சீர்செய்யும், தண்ணீர் தெளிக்கும். மறுபடி நான்கு வண்டிகள்.

ஆஸ்திரேலியாவில் 1920-களில் வளர்ந்த ஆட்டம் இது. 1928 பிப்ரவரியில் லண்டன் அருகே ஹை பீச்சில் அரங்கேறி, சில வருடங்களில் பிரிட்டனின் தொழில் நகரங்களையெல்லாம் பிடித்தது. 1981 உலக இறுதிப் போட்டிக்கு வெம்ப்ளியில் தொண்ணூறாயிரம் பேர் கூடினார்கள். இன்று அங்கே நிலைமை வேறு. ரசிகர்களின் தலை நரைத்துவிட்டது. நிலத்தின் விலை ஏறி, மைதானங்கள் கைமாறின. கோவென்ட்ரியில் 2016-லும், பீட்டர்பரோவிலும் வுல்வர்ஹாம்ப்டனிலும் 2023-லும் பந்தயம் நின்றது. தாத்தா பேரனைக் கைபிடித்துக் கூட்டிவந்த ஊரில் மைதானமே இல்லை என்றால், பேரன் எங்கிருந்து ரசிகனாவான்?

போலந்தில் நேர்மாறு. லெஷ்னோ, டோருன், கோசூவ், லுப்ளின் மாதிரி நடுத்தர ஊர்கள்தான் அந்த ஆட்டத்தின் உயிர். அங்கே லீக் விதியே இளைஞர்களை உள்ளே கொண்டுவருகிறது. ஒவ்வோர் அணியும் 21 வயதுக்குட்பட்ட உள்நாட்டு வீரர்களை இறக்கியே ஆக வேண்டும். இரண்டாவது ஹீட் முழுக்க அவர்களுக்கானது. அதற்கு முன்பே சிறிய வண்டிகளில் சிறுவர் பந்தயம். கோசூவ் அணியில் வளர்ந்த பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் 2019-ல் உலகச் சாம்பியனானார். அதன் பிறகும் பலமுறை வென்றார். தன் பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே படித்தவன் இந்தச் சனிக்கிழமை இரண்டாவது ஹீட்டில் ஓடுகிறான் என்றால், எந்தப் பையன் வீட்டில் இருப்பான்?

நட்சத்திரம் ஒரு நாள் கூட்டத்தைத் தருவார். ரசிகரை உருவாக்குவது பக்கத்துத் தெருப் பையன்தான். இதை நான் போலந்தைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய இந்திய நால்வரில் இருவர் திருச்சி மாவட்டத்துக்காரர்கள்: லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ், திருச்சி சுபா வெங்கடேசன். விடியற்காலை அண்ணா விளையாட்டரங்கத்தில் ஓடும் பிள்ளைகளிடம் தடகளத்துக்கு யாரும் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. தடம் இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார், ஊரில் முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள்.

மண் டிராக்குக்கும் இது நடக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். 2024 ஜனவரி, பிப்ரவரியில் இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக் புனே, அகமதாபாத், பெங்களூரு நகரங்களில் மைதானங்களுக்குள் லாரி லாரியாக மண்ணைக் கொட்டித் தடம் அமைத்தது. மேடுகளும் தாவல்களும் நிறைந்த, செலவு மிக்க தடம் அது. தட்டையான முட்டை வடிவத் தடத்துக்கு அதில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. வெளிநாட்டு ஸ்பீட்வே வண்டியும் முதல் நாளே தேவையில்லை. நம் தெருவில் ஓடும் நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டிகளின் முகப்பு விளக்கையும் கண்ணாடியையும் கழற்றி, சட்டத்தை வலுப்படுத்தினால் தொடங்கலாம். அந்த வேலைக்குத் திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் எது? பொன்மலை ரயில்வே பணிமனையும், பெல் ஆலையும், அதை ஒட்டித் துவாக்குடியில் வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் மூன்று தலைமுறை வெல்டர்களை உருவாக்கியிருக்கின்றன. பொறியியல் மாணவர்கள் ஃபார்முலா பாரத் மாதிரிப் போட்டிகளுக்காகச் சொந்தமாக ரேஸ் கார் கட்டிக் கோவைக்குக் கொண்டுபோகிற காலம் இது. வண்டி ஓட்டப் பிடிக்காத பெண்ணும் பையனும் அந்த வண்டியைக் கட்டுவதில் பைத்தியமாகலாம். டிராக் ஓரத்து மெக்கானிக்கும் ரசிகர்தான். பெரும்பாலும் ஆயுள் ரசிகர்.

சத்தத்தையும் தூசியையும் மறைத்துப் பேசக் கூடாது. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கம் இதற்கு இடமே இல்லை. கொள்ளிடத்து மணலையும் தொடக் கூடாது. ஏற்கெனவே லேத்தும் கிரைண்டரும் ஓடிக்கொண்டிருக்கும் துவாக்குடிப் பக்கம்தான் சரி. மின்சார வண்டிகள் வந்துவிட்ட காலத்தில் சிறுவர் பிரிவை அவற்றிலேயே நடத்தலாம்; சத்தப் பிரச்சினை பாதி குறையும்.

உயிர் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. 2023 ஆகஸ்டில் சென்னைத் தடத்தில் தேசிய பைக் பந்தயத்தின்போது 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அந்த மரணத்தை நினைக்காமல் சிறுவர் பந்தயம் பற்றி ஒரு வரிகூட எழுத எனக்கு மனம் வரவில்லை. சிறிய மண் தடத்தில் வேகம் குறைவு என்பது உண்மை. ஆனாலும் நான்கு பேர் ஒட்டி ஓடும் ஆட்டம் இது. வளைவுகளில் காற்றடைத்த தடுப்பு, கழுத்துக் காப்பு, தடத்தின் ஓரத்திலேயே மருத்துவரும் ஆம்புலன்ஸும், வயதுக்கேற்ற இயந்திரம், பெற்றோர் முன்னிலையில் பயிற்சி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைய பந்தயத்தை ரத்து செய்ய வேண்டும். கூட்டம் கூச்சல் போட்டாலும் ரத்துதான். அந்தக் கண்டிப்பைக் கண்ணால் பார்க்கும் பையன் நெடுஞ்சாலையில் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டான் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு சீறுவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்றாவது அவனுக்குத் தெரியும்.

முதல் நாளைப் பெரிதாகத் திட்டமிட வேண்டாம். பொங்கலை ஒட்டி ஒரு மாலை. வெயில் தணிந்து விளக்குப் போட்ட பிறகு தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் பதினைந்து ஹீட். லால்குடிக்கு சிவப்பு, மணப்பாறைக்கு நீலம், முசிறிக்கு வெள்ளை, ஸ்ரீரங்கத்துக்கு மஞ்சள். பெண்களுக்குத் தனி ஹீட். டிவிஎஸ் பந்தயங்களில் அது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. டிக்கெட் ஐம்பது ரூபாய். பள்ளி அடையாள அட்டை வைத்திருந்தால் இலவசம், கூடவே புள்ளி எழுத ஓர் அட்டை. பந்தயம் முடிந்ததும் வேலியைத் திறந்து பிள்ளைகளை வண்டிகளுக்குப் பக்கத்தில் விட வேண்டும். சைலன்ஸர் சூடு ஆறிய பிறகு ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும்.

இதற்கான அனுமதி மூன்று இடங்களில் இருக்கிறது: விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகம், காவல் துறை, தேசிய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு. மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க மாவட்ட ஆட்சியரால் முடியும். இந்தப் பொங்கலுக்கு முடியாவிட்டால் அடுத்த பொங்கலுக்காவது அந்தக் கூட்டத்துக்கு இப்போதே தேதி குறிக்கச் சொல்லி, திருச்சியின் கல்லூரி மாணவர்கள் மனுவோடு போக வேண்டும்.